எதிரி நாட்டின் ஏவுகணைச் சோதனையை நடுவானில் தடுக்கலாமா?

'வட கொரியா மீண்டும் ஏவுகணைச் சோதனை' என்று செய்தி வருகிற நாளில், பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து எனக்குத் தவறாமல் ஒரு கேள்வி வரும். "ஜப்பான்கிட்டயும் அமெரிக்காகிட்டயும் ஏவுகணையை அடிக்கிற ஏவுகணை இருக்குல்லா சார்? மேல போறப்பவே ஒண்ணை அடிச்சுப் போட்டா என்ன?" நியாயமான கேள்வி. கருவி இருக்கிறது, எதிரி யாரென்று தெரிகிறது, ஏவுகணை எந்த நொடியில் கிளம்பியது என்பதைக்கூட செயற்கைக்கோள்கள் சொல்லிவிடுகின்றன. பிறகு ஏன் கண்டன அறிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்?

பாய்ந்து போகும் ஏவுகணையை அடிப்பது கடினம் என்பது ஒரு காரணம். அடிக்கப்போய்த் தவறிவிட்டால் தன் தற்காப்பின் பலவீனம் உலகுக்கே தெரிந்துவிடும் என்ற தயக்கமும் உண்டு. இவை இரண்டையும் ஒதுக்கிவைப்போம். தடுக்கும் கருவி நூற்றுக்கு நூறு வேலை செய்யும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது சட்டம் என்ன சொல்கிறது?

சுருக்கமான பதில் இது. உங்கள் மண்ணிலோ உங்கள் கடல் எல்லைக்குள்ளோ விழ வருகிற ஏவுகணையை நீங்கள் அடிக்கலாம். யாருக்கும் சொந்தமில்லாத கடலில் போய் விழப்போகிற சோதனை ஏவுகணையை, அதை அனுப்பியவர் எதிரி என்ற ஒரே காரணத்துக்காக அடிக்கச் சட்டத்தில் இடமில்லை. எங்கே விழும் என்று தெரியாத அந்தச் சில நிமிடங்களில்தான் சிக்கலெல்லாம் இருக்கிறது. கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதல் விதி: பலத்தைப் பயன்படுத்தாதே

இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில், 1945 ஜூனில், சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் கையெழுத்தானது. அதன் 2ஆவது பிரிவின் 4ஆவது உட்பிரிவு, இன்னொரு நாட்டுக்கு எதிராகப் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்துவேன் என்று மிரட்டவும் கூடாது என்கிறது. இதற்குச் சாசனமே வைத்திருக்கும் விலக்குகள் இரண்டுதான். ஒன்று, 51ஆவது பிரிவு தருகிற தற்காப்பு உரிமை. ஒரு நாட்டின் மீது ஆயுதத் தாக்குதல் நடந்தால் அது திருப்பி அடிக்கலாம், கூட்டாளி நாடுகளும் துணைக்கு வரலாம். இன்னொன்று, பாதுகாப்பு கவுன்சில் வெளிப்படையாக அனுமதி கொடுப்பது.

ஆக, கேள்வி இப்படி மாறுகிறது: ஏவுகணைச் சோதனை என்பது ஆயுதத் தாக்குதலா?

பொதுவாக இல்லை. சோதனை ஏவுகணையின் முனையில் பெரும்பாலும் வெடிபொருள் இருக்காது, எடைக்காக வைத்த போலி முனைதான் இருக்கும். அது குறிவைப்பதும் யாரும் இல்லாத கடற்பரப்பை. 1986இல் நிகரகுவா தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாகச் சொன்னது. பலப்பிரயோகம் எல்லாமே ஆயுதத் தாக்குதல் ஆகிவிடாது, அவற்றில் மிகக் கடுமையானவைதான் அந்தக் கணக்கில் வரும். எல்லையில் நடக்கிற சிறு உரசலுக்கே அந்தப் பெயர் கிடைக்காது என்னும்போது, நடுக்கடலில் விழுகிற போலி முனைக்கு எப்படிக் கிடைக்கும்?

ஏவுகணை இப்போது எங்கே இருக்கிறது?

இதை நம் ஊர்க் கடற்கரையிலிருந்தே பார்ப்போம். இந்த விஷயம் நமக்கு அத்தனை தூரத்தில் இல்லை. பணகுடிப் பக்கம் மகேந்திரகிரி மலையடிவாரத்தில்தான் இஸ்ரோ தன் ராக்கெட் என்ஜின்களைப் பிடித்துக் கட்டி வைத்துச் சோதிக்கிறது. பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் அடிப்படைத் தொழில்நுட்பம் ஒன்றுதான் என்பதால், வானத்தையும் கடலையும் பற்றிய இந்தச் சட்டங்களில் பல குலசைக்கும் பொருந்தும்.

உவரிக் கரையில் நின்று கடலைப் பாருங்கள். கரையோரக் கோட்டிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை இந்தியாவின் ஆட்சிக்கு உட்பட்ட கடல். அதற்கு நேர் மேலே உள்ள வான்வெளியும் இந்தியாவுடையது. 1944இல் சிகாகோவில் எழுதப்பட்ட விமானப் போக்குவரத்து உடன்படிக்கை இதை முதல் வரியிலேயே உறுதி செய்கிறது. இந்த எல்லைக்குள் அனுமதி இல்லாமல் ராணுவப் பொருள் எது பறந்து வந்தாலும் தடுக்க உரிமை உண்டு. 2023 பிப்ரவரியில் சீனாவின் பெரிய பலூன் ஒன்று அமெரிக்காவின் குறுக்கே மிதந்துபோனது நினைவிருக்கும். தெற்குக் கரோலினா கரையைத் தாண்டிக் கடலுக்கு மேல் வந்ததும், அந்த 12 கடல் மைலுக்குள்ளேயே அதை அமெரிக்கப் போர் விமானம் சுட்டு இறக்கியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பலூன் சர்வதேச வான்வெளிக்குப் போயிருக்கும், வழக்கும் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

22 கிலோமீட்டரைத் தாண்டி, 200 கடல் மைல் வரை, அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை, பிரத்யேகப் பொருளாதார மண்டலம் வருகிறது. (மன்னார் வளைகுடாவில் அவ்வளவு இடம் கிடையாது, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் போட்ட கோடு குறுக்கே வந்துவிடும்.) செய்திகளைப் படிக்கிற பலர் தடுமாறுகிற இடம் இது. "ஜப்பானின் கடலுக்குள் ஏவுகணை விழுந்தது" என்று தலைப்புப் போடுவார்கள். உள்ளே படித்தால் பொருளாதார மண்டலத்தில் விழுந்ததாக இருக்கும். இந்த மண்டலத்தில் மீனும், கடலடி எண்ணெயும், மற்ற வளங்களும்தான் அந்த நாட்டுக்குச் சொந்தம். தண்ணீரும் மேலே உள்ள வானமும் அதன் ஆட்சியில் இல்லை. அங்கே பிற நாட்டுக் கப்பல் போகலாம், விமானம் பறக்கலாம். ராணுவப் பயிற்சி நடத்தலாமா என்பதில் நாடுகளுக்குள் சண்டை உண்டு, இந்தியாவும் தன் அனுமதி வேண்டும் என்கிற பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் அங்கே ஏவுகணை விழுந்தால் அது நாட்டின் மீதான தாக்குதல் என்று யாரும் வாதிட்டு வென்றதில்லை. 2016 ஆகஸ்டில் வட கொரிய ஏவுகணை முதன்முறையாக ஜப்பானின் இந்த மண்டலத்தில் விழுந்தது. 2022 ஆகஸ்டில் தைவானைச் சுற்றி நடந்த பயிற்சியின்போது சீன ஏவுகணைகள் ஐந்து அங்கே விழுந்தன. இரண்டு முறையும் ஜப்பான் கடுமையாகக் கண்டித்தது. எதையும் சுடவில்லை.

அதற்கும் அப்பால் இருப்பது எவருக்கும் உரிமையில்லாத கடல். கடல் சட்டம் பற்றிய 1982ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை அங்கே எல்லா நாடுகளுக்கும் சுதந்திரம் கொடுத்து, பிறருடைய சுதந்திரத்துக்கும் உரிய மதிப்புக் கொடுத்து நடந்துகொள் என்று முக்கியமான ஒரு நிபந்தனை வைக்கிறது. நம் ஊர்ப் புறம்போக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: அங்கே ஒருவர் வெடி வெடித்தால் போய்ச் சத்தம் போடலாம், ஊரைக் கூட்டலாம், ஆனால் அவர் கையை வெட்ட முடியாது. வெடி உங்கள் கூரைமேல் வந்து விழப்போகிறது என்றால் மட்டும் கதை வேறு.

வானத்துக்கு மேலே இன்னொரு வானம்

நாட்டின் வான்வெளி எவ்வளவு உயரம் வரை? வியப்பாக இருக்கும், எந்த உடன்படிக்கையும் இதற்கு எண் சொல்லவில்லை. 100 கிலோமீட்டருக்கு மேல் விண்வெளி என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். விண்வெளியை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை சொல்கிறது.

இதை வைத்து 2017ஐப் பாருங்கள். ஆகஸ்ட் 29 அன்று வட கொரியா ஏவிய ஒரு ஏவுகணை ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்கு மேலாகப் பறந்து பசிபிக் கடலில் விழுந்தது. செப்டம்பர் 15 அன்று இன்னொன்று அதே வழியில் போனது. முதலாவது எட்டிய உச்சி சுமார் 550 கிலோமீட்டர், இரண்டாவது சுமார் 770 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு உள்ள சாலை தூரத்தை அப்படியே நிமிர்த்தி நட்டாலும் அந்த 770ஐத் தொடாது. அதிகாலையில் கைப்பேசிகள் அலறி, ரயில்கள் நின்று, மக்கள் கட்டடங்களுக்குள் ஓடிய அந்த ஹொக்கைடோவுக்கு நேர் மேலே ஏவுகணை போனது உண்மை. சட்டப்படி ஜப்பானின் வான்வெளிக்குள் அது நுழையவில்லை என்பதும் உண்மை.

எனக்கு இது நெருடலாகத்தான் இருக்கிறது. தலைக்கு மேலே பறந்தது பத்திரமாகத் தாண்டிவிடும் என்பது அனுப்பியவருக்கு மட்டுமே தெரியும். ஒரு என்ஜின் இடையில் நின்றால் போதும், அது வீடுகள் மேல்தான் விழும். உயரத்தைக் காட்டிச் சட்டப்படி அத்துமீறல் இல்லை என்று சொல்லிவிடலாம், கீழே இருக்கிற குடும்பத்துக்கு அந்தப் பத்து நிமிடம் எப்படிப் போகும்?

ஜப்பான் இதற்கு வைத்திருக்கும் ஏற்பாடு கவனிக்க வேண்டியது. வட கொரியா ஜப்பானுக்கு மேலாக முதன்முதலில் ஏவுகணை விட்டது 1998 ஆகஸ்டில். அந்த அதிர்ச்சியில் தொடங்கிய வேலை, 2005இல் ஜப்பான் தன் தற்காப்புப் படைச் சட்டத்தைத் திருத்துவதில் வந்து நின்றது. ஜப்பானை நோக்கி ஏதாவது விழ வந்தால், அது தாக்குதலா, சோதனையா, பழுதாகி விழும் ராக்கெட்டா என்று தீர்மானிக்கும் வரை காத்திருக்க வேண்டாம், உயிரையும் உடைமையையும் காக்க அதை அழிக்கலாம் என்கிறது அந்தத் திருத்தம். போர் தொடுக்கும் அதிகாரமாக அதை எழுதவில்லை, விழுகிற ஆபத்திலிருந்து மக்களைக் காக்கும் காவல் வேலையாகவே எழுதியிருக்கிறார்கள். 2009இல் வட கொரியா ராக்கெட் ஏவத் தயாரானபோது ஜப்பான் தன் கப்பல்களையும் பேட்ரியாட் தடுப்பு ஏவுகணைகளையும் நிறுத்தி, நம் மண்ணில் விழ வந்தால் அழியுங்கள் என்று கட்டளை போட்டது. ராக்கெட் மேலே தாண்டிப் போய்விட்டது. கட்டளையின் எல்லைக்குள் அது வராததால் யாரும் சுடவில்லை. இந்தக் கேள்விக்குச் சட்டத்தோடு ஒத்துப்போகிற மிகத் தெளிவான நடைமுறை இதுதான் என்பது என் கருத்து.

அடி விழும் வரை காத்திருக்க வேண்டுமா?

51ஆவது பிரிவு ஆயுதத் தாக்குதல் 'நடந்தால்' என்கிறது. அணுகுண்டு விழுந்த பிறகு தற்காப்பு எதற்கு என்று உடனே கேட்கத் தோன்றும். இதற்கு விடை தேடும் எல்லோரும் 1837ஆம் ஆண்டுச் சம்பவம் ஒன்றைத்தான் முதலில் எடுப்பார்கள். அப்போது கனடா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அங்கே கலகம் செய்தவர்களுக்கு 'கரோலின்' என்ற சிறு நீராவிக் கப்பல் அமெரிக்கப் பக்கத்திலிருந்து ஆட்களையும் பொருட்களையும் கொண்டுபோய்க் கொடுத்தது. பிரிட்டிஷ் படையினர் இரவில் நயாகரா ஆற்றைக் கடந்து அமெரிக்கக் கரைக்கே வந்து, அந்தக் கப்பலைக் கொளுத்தி ஆற்றில் விட்டார்கள். தற்காப்புக்காகச் செய்தோம் என்றார்கள். அமெரிக்க வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டர் 1841இல் அதற்குப் பதில் எழுதினார். தற்காப்பு என்று சொல்ல வேண்டுமானால் ஆபத்து உடனடியாகவும் மீற முடியாததாகவும் இருக்க வேண்டும், வேறு வழியைத் தேர்ந்தெடுக்கவும் யோசிக்கவும் நேரமில்லாத நிலை இருக்க வேண்டும். இதுதான் அவர் வைத்த அளவு. கூடவே, செய்வது தேவைக்கு மிஞ்சியும் போகக் கூடாது. ஏறக்குறைய இருநூறு வருடம் ஆகியும் சட்டம் படித்தவர்கள் அந்த அளவுகோலைத்தான் நீட்டுகிறார்கள்.

எப்போதாவது ஒருநாள் தாக்கக்கூடும் என்பது இதில் தேறாது. இஸ்ரேல் 1981 ஜூனில் ஈராக்கின் ஒசிராக் அணு உலையைக் குண்டுவீசித் தகர்த்தது, பின்னாளில் வரக்கூடிய அணுகுண்டுக்கு எதிரான தற்காப்பு என்றது. பாதுகாப்பு கவுன்சில் அதே மாதம் 487ஆவது தீர்மானத்தில் அதை ஒருமனதாகக் கண்டித்தது. அமெரிக்காவும் சேர்ந்து வாக்களித்தது.

சோதனை ஏவுகணை பெரும்பாலும் இந்த ரகம்தான். இன்று சோதித்தால் நாளை திறமை கூடும், நாளை மறுநாள் அதை வைத்து மிரட்டலாம். கவலைப்பட வேண்டிய விஷயமே. ஆனால் கரோலின் அளவுகோலின்படி இன்று சுட அது போதாது. 2006இல் வட கொரியா நெடுந்தூர ஏவுகணை ஒன்றை ஏவுதளத்தில் நிறுத்தியிருந்தபோது, அமெரிக்காவின் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரியும், பிற்காலத்தில் அதே பதவிக்கு வந்த ஆஷ்டன் கார்ட்டரும், கிளம்பும் முன்பே அதைத் தளத்திலேயே அழித்துவிட வேண்டும் என்று பகிரங்கமாக எழுதினார்கள். இன்னொரு நாட்டின் மண்ணில் குண்டு போடுவது அது. இடைமறிப்பை விடப் பல மடங்கு பெரிய செயல். அரசு அதை ஏற்கவில்லை. ஏவுகணை கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் தானே பழுதாகி விழுந்தது.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருவோம். 2017 ஆகஸ்டில் வட கொரிய ராணுவம் ஓர் அறிவிப்பு விட்டது. அமெரிக்க ஆட்சியில் உள்ள குவாம் தீவை நோக்கி நான்கு ஏவுகணைகளை ஏவி, கரையிலிருந்து 30 முதல் 40 கிலோமீட்டர் தூரத்தில் கடலில் விழவைக்கும் திட்டம் தயாராகிறது என்றது. எண்ணைக் கவனியுங்கள். ஆட்சிக் கடலின் எல்லை 22 கிலோமீட்டர். அவர்கள் சொன்ன இடம் அதற்குக் கொஞ்சம் வெளியே. காகிதத்தில் பார்த்தால் அமெரிக்க மண்ணும் தொடப்படவில்லை, அமெரிக்கக் கடலும் தொடப்படவில்லை.

அந்த நான்கும் கிளம்பியிருந்தால் அமெரிக்கா சுட்டிருக்கலாமா? சுட்டிருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாய்ந்து வருகிற ஏவுகணையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பிசகுவது சாதாரணம். முனையில் இருப்பது போலியா நிஜமா என்பதைக் கீழே இருப்பவர்கள் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு மேல், தீவைச் சுட்டிக்காட்டிச் சொன்ன மிரட்டல் வேறு கூடவே நிற்கிறது. அந்த மிரட்டலே சாசனத்தின் 2(4)ஐ மீறுவதுதான். யோசிக்க நேரமில்லை, வேறு வழியில்லை என்ற இரண்டும் அங்கே பொருந்துகின்றன. அதே ஏவுகணை, அதே நாடு, ஆனால் யாரும் இல்லாத வட பசிபிக்கை நோக்கிப் போகிறது, பாதையையும் ரேடார் காட்டிவிட்டது என்றால் பதில் மாறிவிடும். நல்லவேளையாக நான்கு ஏவுகணைகளும் கிளம்பவில்லை.

கொரியப் போர் 1953இல் போர்நிறுத்தத்தோடுதான் நின்றது, அமைதி ஒப்பந்தம் இன்றுவரை இல்லை, ஆகவே போர் நடந்துகொண்டிருப்பதாகக் கணக்கு வைத்து எப்போது வேண்டுமானாலும் சுடலாம் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எழுபது வருடமாக நிற்கிற சண்டையை இன்றைக்குச் சுட அனுமதிச் சீட்டாக எடுப்பது வலுவான வாதமாக எனக்குத் தெரியவில்லை. 1991இல் இரண்டு கொரியாக்களும் ஐ.நா.வில் உறுப்பினர்களாகிவிட்டன, 2(4) இருவரையும் கட்டும்.

தடை போட்டாச்சே, அப்புறம் என்ன?

பிள்ளைகள் அடுத்துக் கேட்பது இது. வட கொரியா ஏவுகணை சோதிக்கவே கூடாது என்று ஐ.நா. தடை போட்டிருக்கிறது. தடையை மீறுவது குற்றம். குற்றத்தைத் தடுப்பது எப்படித் தப்பாகும்?

தடை உண்மை. 2006 அக்டோபரில் வட கொரியா முதல் அணுகுண்டைச் சோதித்ததும், பாதுகாப்பு கவுன்சில் 1718ஆவது தீர்மானத்தை நிறைவேற்றியது. 2009இல் வந்த 1874ஆவது தீர்மானம், பாலிஸ்டிக் ஏவுகணைத் தொழில்நுட்பம் (என்ஜின் மேலே தூக்கிவிட்டபின் எறிந்த கல்லைப் போல வளைந்து போய் விழும் வகை) கொண்ட எந்த ஏவுதலும் கூடாது என்றது. செயற்கைக்கோள் விடுகிறேன் என்று சொல்லவும் வழியில்லாமல் போனது. இவை வெறும் வேண்டுகோள் இல்லை, சாசனப்படி உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்துபவை.

ஆனால் 1718ஆவது தீர்மானத்தின் உள்ளேயே, இந்த நடவடிக்கைகள் 41ஆவது பிரிவின் கீழ் எடுக்கப்படுகின்றன என்று எழுதியிருக்கிறது. 41ஆவது பிரிவு ஆயுதமில்லாத நடவடிக்கைகளுக்கானது: வர்த்தகத் தடை, பணத்தை முடக்குவது, பயணத் தடை. ஆயுதம் எடுக்க 42ஆவது பிரிவு தனியே இருக்கிறது. குவைத்தை ஈராக் பிடித்தபோது 1990 நவம்பரில் வந்த 678ஆவது தீர்மானம் 'தேவையான எல்லா வழிகளையும்' பயன்படுத்த அனுமதித்தது. அந்தச் சொற்களை நம்பித்தான் 1991இல் கூட்டுப்படை இறங்கியது. வட கொரியா பற்றிய எந்தத் தீர்மானத்திலும் அப்படி ஒரு வரி இல்லை. சீனாவும் ரஷ்யாவும் வீட்டோ அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும்வரை வரவும் வராது.

இன்னொரு நாடு சட்டத்தை மீறினால் பதிலுக்கு நாம் எடுக்கும் எதிர் நடவடிக்கைகளுக்கும் சர்வதேசச் சட்டத்தில் இடமுண்டு. அவற்றில் ஆயுத பலம் சேராது. பறக்கிற ஏவுகணையை மட்டும் உடைப்பது பலப்பிரயோகம் ஆகுமா, வெறும் பொருள் சேதமா என்பதில் சட்ட அறிஞர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. ஆள் யாரும் சாகவில்லையே என்பார்கள் ஒரு சாரார். ஒரு நாட்டின் ராணுவச் சொத்தை ஆயுதத்தால் அழிக்கும்போது அது எப்படி வெறும் சேதம் ஆகும் என்பார்கள் இன்னொரு சாரார். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. 2023 மார்ச்சில், பசிபிக்கில் எங்கள் சோதனை ஏவுகணையைச் சுட்டால் அதைப் போர்ப் பிரகடனமாகவே எடுத்துக்கொள்வோம் என்று கிம் ஜோங் உன்னின் தங்கை கிம் யோ ஜோங் அறிவித்தார். அறிஞர்கள் எந்தப் பெயர் வைத்தாலும், சுடப்படுகிற நாடு அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

நம் அக்னியையும் நினைத்துப் பாருங்கள்

"அவன் கெட்டவன், அவனுக்கு மட்டும் விதிவிலக்கு" என்று சட்டம் எழுத முடியாது. யார் கெட்டவன் என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக முடிவு செய்யும். 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியாவும், சாகாயில் பாகிஸ்தானும் அணுகுண்டு சோதித்தன. ஜூன் 6 அன்று பாதுகாப்பு கவுன்சில் 1172ஆவது தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அணு ஆயுதம் சுமக்கக்கூடிய பாலிஸ்டிக் ஏவுகணைகளை உருவாக்குவதை இரு நாடுகளும் நிறுத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. வட கொரியா மீதான தடை அளவுக்குக் கட்டுப்படுத்தும் தன்மை அதற்கு இல்லை, இந்தியா அதை ஏற்கவும் இல்லை. 2012 ஏப்ரல் 19 அன்று அக்னி-5 ஒடிசா கரையோரத் தீவிலிருந்து கிளம்பி இந்தியப் பெருங்கடலில் போய் விழுந்தது. 5,000 கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடியது அது. சீனாவில் பலருக்கு அது பிடித்திருக்காது.

'எதிரியின் சோதனையை நடுவானில் அடிக்கலாம்' என்று ஒரு வழக்கம் உருவாகியிருந்தால், அன்றைக்கு ஒரு சீனக் கப்பல் வங்காள விரிகுடாவில் நின்று அக்னியை அடித்திருக்கலாம், கையில் 1172ஐயும் வைத்துக்கொண்டு. சர்வதேசச் சட்டத்தில் பெரும்பகுதி நாடுகளின் நடத்தையால் உருவாவது. ஒருவர் செய்து மற்றவர்கள் சும்மா இருந்தால் அது மெல்ல வழக்கமாகும், வழக்கம் சட்டமாகும். அமெரிக்கா கலிபோர்னியாவிலிருந்து மார்ஷல் தீவுகளை நோக்கி அடிக்கடி ஏவுகிறது. 2024 செப்டம்பரில் சீனா பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பசிபிக்கில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைச் சோதித்தது. எல்லோரும் எல்லோரையும் கப்பல் நிறுத்தி வேவு பார்க்கிறார்கள். அடுத்தவர் ஏவுகணையில் யாரும் கைவைப்பதில்லை. இந்த அடக்கம் இந்தியாவுக்கும் பாதுகாப்பு என்பதைப் பிள்ளைகளுக்கு எப்போதும் அழுத்திச் சொல்வேன்.

முன்கூட்டியே சொல்லிவிடுவது

அந்தத் தெளிவில்லாத நிமிடங்களைச் சுருக்க ஒரு வழி இருக்கிறது: எங்கிருந்து, எப்போது, எந்தப் பக்கம் ஏவப்போகிறோம் என்று முன்பே சொல்லிவிடுவது. விமானங்களுக்கு நோட்டாம் என்ற அறிவிப்பும், கப்பல்களுக்கு கடல் எச்சரிக்கையும் போகின்றன. நம் பக்கத்துக் கடல்பரப்புக்கான எச்சரிக்கைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு இந்தியாவுடையது. ஒன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஆட்சிக் கடலைத் தாண்டிவிட்டால் அந்த அறிவிப்பு பிற நாட்டுப் படகுகளுக்கு எச்சரிக்கைதான், தடையுத்தரவு இல்லை. சொந்த நாட்டு மீனவர்களை மட்டும் அரசு தடுத்து நிறுத்தலாம். குலசையில் ஏவுதல்கள் தொடங்கும்போது மணப்பாடு, பெரியதாழை, உவரி, கூட்டப்புளி நாட்டுப்படகுக்காரர்களுக்கு இது தொழில் பிரச்சினை. கடலுக்குப் போகாத நாளுக்கு என்ன ஈடு என்று அவர்கள் கேட்பது முழுக்க நியாயம், அதை இப்போதே பேசி எழுதி வைக்க வேண்டும்.

வட கொரியா பல முறை எந்த அறிவிப்பும் இல்லாமல் ஏவியிருக்கிறது. ஹொக்கைடோ, அவோமோரி மீன்பிடிப் படகுகள் கடலில் இருக்கும்போதே. அதன் சோதனைகளில் எனக்கு மிகவும் கோபம் வருவது இங்கேதான். பிறருக்கு உரிய மதிப்புக் கொடு என்ற கடல் சட்டத்தின் முக்கியமான நிபந்தனையையும் அது மிதிக்கிறது.

இந்தியாவும் பாகிஸ்தானும் 2005 அக்டோபரில் இஸ்லாமாபாத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பாலிஸ்டிக் ஏவுகணை சோதிக்கும் முன் குறைந்தது மூன்று நாள் முன்னதாக மற்றவருக்குச் சொல்ல வேண்டும். ஏவும் இடம் எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருக்கக் கூடாது, விழும் இடம் 70 கிலோமீட்டருக்குள் இருக்கக் கூடாது. இத்தனை பகைக்கு நடுவிலும் அது நின்றிருக்கிறது. 2002இல் தொடங்கிய ஹேக் நடத்தை விதித் தொகுப்பு என்ற உலகளாவிய ஏற்பாடும் இருக்கிறது, இந்தியா அதில் 2016இல் சேர்ந்தது. செயற்கைக்கோள் ராக்கெட்டுகளையும் முன்கூட்டியே அறிவிக்கச் சொல்கிறது அது. சீனா, பாகிஸ்தான், ஈரான், வட கொரியா நான்கும் வெளியே நிற்கின்றன.

2005 ஒப்பந்தத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு, 2022 மார்ச் 9 அன்று அது வெளியே தெரிந்தது. அன்றைக்கு இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் மியான் சன்னு என்ற ஊர்ப் பக்கம் விழுந்தது. வெடிமுனை இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. தன் வான்வெளிக்குள் வந்த அதை அடிக்கும் உரிமை பாகிஸ்தானுக்கு முழுமையாக இருந்தது. அதை ரேடாரில் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பாகிஸ்தான் சொன்னது, பதிலுக்கு எதையும் ஏவவில்லை. இந்தியா தவறை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது, பின்னர் விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். பிரம்மோஸ் குரூஸ் வகை. 2005 ஒப்பந்தம் பாலிஸ்டிக் வகைக்கு மட்டுமே. தாழப் பறந்து, வழியில் திரும்பவும் கூடிய குரூஸ் ஏவுகணையில்தான் அது எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அதையும் அந்த ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு இரு நாடுகளிலும் இருந்திருக்கிறது. இன்னும் சேர்க்கவில்லை.